உரிமையாளர்: தேவகி

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஆனாலும் பழைய அலுவலகத்திலிருந்து மாதம் ஓர் அழைப்பாவது வந்துவிடும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது, எந்த க்ளினிக்குக்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்று கேட்பார்கள். நானும் பெரிய மனிதன்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்வேன். "செத்தவனக்கூட இத்தன தடவ எழுப்ப மாட்டாங்க" என்பாள் என் மனைவி ரீட்டா.

போன மாதம் சங்கீதா அழைத்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரி. பேச்சுதான் கொஞ்சம் வேகம்.

"அங்கிள், பசியாறிட்டீங்களா? ஒரு சின்ன விஷயம். பழைய செட்டப் எல்லாத்தையும் காலி பண்றோம். இனிமே சர்வர் எல்லாம் தானாவே எழும்பிக்கும், வேலை முடிஞ்சா தானாவே போயிரும், நாம தொடவே வேணாம். ஒன்னே ஒன்னுதான் மிச்சம். ஏழு வருஷமா நிப்பாட்டி வச்சிருக்கு. ஏதோ கேஸுக்கு வேணும்னு வச்சிருந்தாங்களாம், இப்ப அழிச்சிரலாம்னு கேஎல் ஹெட் ஆபீஸ்லருந்து லெட்டர் வந்துருச்சு. ஓனர் ஒரு வார்த்த சரின்னு சொல்லணும், அவ்ளோதான் லா. ஓனர்ல தேவகின்னு போட்டிருக்கு. ஸ்டாஃப் லிஸ்ட்ல அப்படி யாருமே இல்ல. யாரு அங்கிள் அந்த தேவகி?"

"நாளைக்குச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன்.

தேவகி யார் என்று எனக்குத் தெரியும். அந்த சர்வர் தேவகியுடையது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவள் வேலை போனதும், பினாங்கில் இந்தத் தொழிலில் அவள் பெயரே கெட்டதும் அந்த ஒரு சர்வரால்தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் பெருமைகளைப் படிக்கலாம் என்று வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகத் தொடங்கியவன். பிறகு அங்கேயே கணினி அறைக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் சர்வர் என்றால் இரண்டு ஆள் தூக்குகிற இரும்புப் பெட்டி. இடுப்பு வலி அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. ஐம்பதை நெருங்கும்போது தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். ஜார்ஜ் டவுனில், கடலைப் பார்த்த பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் இயங்கிய சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கேதான் கிளவுட். கிளவுட் என்றதும் வானத்தை நினைக்க வேண்டாம். எங்கோ தூரத்தில் குளிரூட்டிய கொட்டகைக்குள் இருக்கும் இயந்திரங்களில் கொஞ்சம் இடத்தை வாடகைக்குப் பிடித்து, இங்கே மேசையில் உட்கார்ந்தபடியே சர்வரை எழுப்புவது. இரும்பும் இல்லை, தூக்கவும் வேண்டாம். ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன் என்பது இன்னும் சரி.

எங்கள் வாடிக்கையாளர்கள் பலர். ஒரு க்ளினிக் குழுமம், இரண்டு கப்பல் ஏஜெண்டுகள், ஒரு இரும்புச் சாமான் வியாபாரி, இன்னும் சிலர். தனித்தனியாக எடுத்தால் செலவு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே அடித்தளத்தைப் போட்டு, அதன்மேல் அவரவருக்கான சர்வர்களை எழுப்பிக் கொடுத்தோம். ஒரே ஃப்ளாட்டில் பல குடும்பம் இருப்பது மாதிரிதான். வீடு வேறு, படிக்கட்டும் கீழ்வாசலும் ஒன்று. ஒருவர் கீழ்வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் எல்லார் வீட்டுக்கும் ஆபத்து.

எங்கள் மேலதிகாரி மிஸ்டர் தியோ. ஒல்லியான மனிதர், வருடம் முழுக்க அரைக்கை வெள்ளைச் சட்டை. காலையில் கீழே கடையில் வாங்கிய பால் சேர்க்காத கோப்பி ஓ, பிளாஸ்டிக் பையோடு அவர் கணினித் திரையின் மூலையில் தொங்கும். பதினோரு மணி வரை அதே பையிலிருந்து உறிஞ்சுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. அவர் மேசையில் ஒரு மரஸ்கேலும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளும் எப்போதும் இருக்கும். தாளில் பதினான்கு வரிகள். புதிய சர்வர் எழுப்பும்போது செய்யவேண்டிய பதினான்கு காரியங்கள்.

இதை ஓர் ஆள் செய்யக்கூடாது என்பது அவர் சட்டம். ஒருவர் தாளை உரக்க வாசிக்கவேண்டும், இன்னொருவர் தட்டவேண்டும். வாசிப்பவர் ஸ்கேலை வரியின் கீழே வைத்துக்கொள்வார். தட்டியவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். யார் கேட்டார்கள், எதற்கு, எந்தத் தேதி வரை வேண்டும் என்பது முதல் வரி. எவ்வளவு பெரியது, எந்தச் சுத்தமான மூலப் பிரதியிலிருந்து எழுப்புவது, பழைய ஓட்டைகளை அடைத்தாயிற்றா, நகல் எடுக்க ஏற்பாடு செய்தாயிற்றா என்று அது இறங்கிக்கொண்டே போகும். பதினோராவது வரி கதவுகள். ஒரு சர்வருக்குள் நுழைய ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டு. எதைத் திறப்பது, யாருக்கு மட்டும் திறப்பது என்று முகவரி வாரியாகச் சொல்லவேண்டும். பன்னிரண்டாவது வரி உரிமையாளர், அதாவது அதை எழுப்பிப் பொறுப்பேற்கும் எங்களில் ஒருவரின் பெயர். பதினான்காவது வரி, இதுவரை தட்டியதையெல்லாம் திரையிலிருந்து தாளுக்குத் திருப்பி வாசிப்பது. வேகமாகச் செய்தாலும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். நாங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

உரிமையாளர் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பித்து என்றே சொல்லலாம். எந்த சர்வரைக் காட்டினாலும் மலாயில் ஒரே கேள்விதான் கேட்பார். "சியாப்பா புன்யா?" யாருடையது? பெயர் இல்லாத சர்வர் கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க நாதி இருக்காது என்பது அவர் கணக்கு. ஒரு சமயம் பெயர் இல்லாமல் ஏழு சர்வர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, கோப்பியை உறிஞ்சிக்கொண்டு தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பத்தாவது நிமிடத்தில் இரும்புச் சாமான் வியாபாரி கத்தினார். மிஸ்டர் தியோ பொறுமையாகக் கேட்டு, அவருக்கு அதை எழுப்பிக் கொடுத்தவரின் பெயரை எழுதிக்கொண்டு, அதைத் திரும்ப ஓடவிட்டார். மாலைக்குள் ஏழில் ஐந்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டுக்காக யாரும் கத்தவில்லை.

இவ்வளவு பார்த்த மனிதர் ஒரு பெரிய தப்பைத் தன் இழுப்பறைக்குள்ளேயே வைத்திருந்தார். எங்கள் நான்கு பேருக்கும் நுழைவதற்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆளுக்கொன்று வேண்டுமென்றால் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அனுமதிக்கவேண்டும். மாதக் கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இழுப்பறையின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். அதனால் யார் என்ன செய்தாலும் பதிவேட்டில் ஒரே பெயர்தான் விழும். ஆளை அடையாளம் காட்ட மிஞ்சியது அந்தப் பன்னிரண்டாவது வரி ஒன்றுதான்.

தேவகியும் நானும் ஜோடி. பெரும்பாலும் நான் வாசிப்பேன், அவள் தட்டுவாள். என்னைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று வயது இளையவள். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். வேலையில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அண்ணே, ஸ்கேலு ஒம்பதுலயே நிக்கிது, நீங்க பத்த படிக்கிறீங்க" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வாள். அதனால்தான் பதினான்கு வரிகளையும் முன்கூட்டியே நிரப்பிய ஒரு டெம்ப்ளேட், அதாவது ஒரு மாதிரிப் படிவம், தயாரிக்கும் வேலையை மிஸ்டர் தியோ அவளிடம் கொடுத்தார். உரிமையாளர் கட்டத்தை வெறுமையாக விட்டால் அது சேமிக்கவே விடாது. தற்போதைக்கு இருக்கட்டும் என்று தன் பெயரைப் போட்டுச் சேமித்தாள். படிவத்தை எடுக்கிறவர்கள் அந்த இடத்தில் சரியான பெயரை மாற்றிக்கொள்ளவேண்டும். வாசித்துக்கொண்டே செய்தால் மாற்றாமல் இருக்கமுடியாது.

எங்களுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அது எந்தத் தாளிலும் இல்லை. விடுமுறை நாள் வேலைக்கான அட்டவணையைக் கணினியே போட்டுவிடும். அதற்கு யார் இந்து, யார் கிறிஸ்தவன் என்று தெரியாது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் எனக்கு விழுந்தது, தைப்பூசம் அவளுக்கு. அட்டவணையை மாற்றவேண்டுமென்றால் மறுபடியும் கோலாலம்பூர், மறுபடியும் படிவம். நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை. "அண்ணே, நீங்க பூசைக்குப் போங்க, நான் வந்து ஒக்காந்துக்கிறேன்" என்று கிறிஸ்துமஸ் அன்று காலையிலேயே அவள் வந்துவிட்டாள். நான் பேரப்பிள்ளையோடு மாதா கோவிலுக்குப் போனேன். தைப்பூசத்துக்கு நான் உட்காரவேண்டும். பல வருடமாக இப்படித்தான் நடந்துவந்தது. மிஸ்டர் தியோவுக்குத் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

தைப்பூசத்தன்று தேவகி தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தாள். நான் நான்காம் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. பத்து மணிக்கு க்ளினிக் குழுமத்தின் டெக்னீஷியன் அழைத்தான். அவர்கள் சர்வர் தொங்கிவிட்டதாம், நோயாளிகள் பதிவேடு திறக்கவில்லையாம், உடனே இன்னொன்று எழுப்பிக் கொடுங்கள் என்றான். பக்கத்தில் தட்ட ஆள் இல்லை. நானே வாசித்து நானே தட்டிக்கொள்ளலாம் என்று தாளை எடுத்தேன். நான்காவது வரியில் மறுபடியும் தொலைபேசி. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேவகியின் படிவத்தை அப்படியே எடுத்து சர்வரை எழுப்பிவிட்டேன். ஏழே நிமிடம்.

நுழையமுடியவில்லை என்று டெக்னீஷியன் திரும்ப அழைத்தான். அவன் க்ளினிக்கில் இல்லை, கெப்பாலா பத்தாஸில் தன் வீட்டில் இருந்தான். வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றைக் கொடுத்தால் அது வேறொன்றாகிவிடும். இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை, பதினோராவது வரியில் எதைச் செய்யவே கூடாதோ அதைச் செய்தேன். கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். அரை மணி நேரம்தானே, அவன் முடித்ததும் மூடிவிடலாம் என்று நினைத்தேன். "ஓகே லா பிரதர், ஜாலான் ஆயிருச்சு, நல்லா ஓடுது" என்று சந்தோஷமாக வைத்தான். எனக்கும் சந்தோஷம்தான். பதிவேட்டை எல்லா க்ளினிக்கிலும் திறக்கமுடிந்தது. மூன்று மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கதவு என் நினைவில் இல்லை.

கோவிலுக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் தேவகியைப் பார்த்தேன். மஞ்சள் சேலை, வெறுங்கால், நெற்றியில் வியர்வையோடு கரைந்த விபூதி. மோர் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு குவளை வாங்கிக் கொடுத்தாள்.

"வேலை ஏதும் வந்துச்சா அண்ணே?"

"ஒன்னே ஒன்னு. க்ளினிக்குக்குப் புது சர்வர். எழுப்பிக் குடுத்துட்டேன்."

"லிஸ்ட் படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன்" என்றேன்.

அவள் நம்பினாள்.

பதினோரு நாள் அந்தக் கதவு திறந்து கிடந்தது. பன்னிரண்டாவது நாள் க்ளினிக் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய நோயாளிகள் பட்டியலில் ஒரு பக்கம் அதில் இருந்தது. பெயர், அடையாள அட்டை எண், என்ன நோய், என்ன மாத்திரை. மீதி எங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மனநலச் சிகிச்சை, எந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் என்ன பரிசோதனைக்கு வந்தாள் என்பதெல்லாம் முகம் தெரியாத எவன் கையிலோ போய்விட்டது.

மிஸ்டர் தியோ சர்வரைத் திறந்து பார்த்தார். கதவு எல்லாருக்கும். உரிமையாளர்: தேவகி. எழுப்பிய நாள் தைப்பூசம். அட்டவணையில் அன்று வேலை தேவகிக்கு. நுழைந்தவர் பெயர், எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே பெயர். கீழே நேப்பாளக் காவலாளி என்னிடம் கையெழுத்து வாங்குவதில்லை. கட்டடக் கேமரா பதிவு ஒரு வாரம்தான் நிற்கும். டெக்னீஷியனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்று தன்னிடம் பேசியது ஓர் ஆண் என்றாவது சொல்லியிருப்பான். எல்லாம் தேவகியையே கைகாட்டியது. ஒருவன் திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கண்ணாடி அறையில் முதலில் தேவகியை வைத்துக் கேட்டார்கள். பிறகு என்னையும் உள்ளே அழைத்தார்கள். மிஸ்டர் தியோ ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்கேல் இல்லாமல் அவரைப் பார்க்க என்னவோபோல இருந்தது.

அந்தப் பெண் நிதானமாக ஆங்கிலத்தில் கேட்டார். தைப்பூசத்தன்று தனக்குப் பதிலாக நீங்கள் வேலைக்கு வந்ததாக இவர் சொல்கிறார், சரிதானா?

காரணங்கள் என்னிடம் இருந்தன. பல வருடம் அவற்றை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எண்ணினால் ஒன்றுதான் தேறுகிறது. ஐம்பத்தாறு வயதில் என் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அந்த மாடிப்படிகளில் இறங்கப் பயந்தேன்.

"எனக்குச் சரியாக நினைவில்லை" என்றேன்.

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழில் கேட்டாள்.

"அண்ணே, கிறிஸ்மஸுக்கு நான் வந்தேன்ல?"

அந்த ஆண் என் பக்கம் திரும்பினார். இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே வந்தது.

"கிறிஸ்துமஸ் பற்றி ஏதோ சொல்கிறார்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மதியத்துக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதும், மேற்கொண்டு போகமாட்டோம் என்று அவளிடம் சொன்னார்கள். கொடுத்துவிட்டாள். அவள் போன பிறகு, நடைவழியில் மிஸ்டர் தியோ என்னை நிறுத்தினார். ஒரு வரியைக்கூட விடாத பெண் பதினோராவது வரியை விட்டிருக்கமாட்டாள் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். என் முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"சியாப்பா புன்யா, அருள்?"

"தேவகி பெயர்தானே பாஸ் இருக்கிறது" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என் ஜோடியாக அவரே உட்கார்ந்தார். ஸ்கேலை அவரே வைத்துக்கொண்டார், என்னிடம் கொடுக்கவே இல்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போனார். அடுத்த சீனப் பெருநாளுக்கு முன்பு இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சாவுக்குப் போனேன், பிள்ளைகளைப் பார்த்தேன், வந்துவிட்டேன்.

தேவகியின் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். படிவத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதானது. முதல் நாளே அதிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். ஒரு தட்டுதான். ஆனால் அந்த சர்வரைத் தொடவில்லை. சாட்சிக்கு வேண்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள், பட்டியலில் அப்படியே இருந்தது. மாதாமாதம் பட்டியலைச் சுத்தம் செய்யும்போது அந்த வரி வரும். உரிமையாளர்: தேவகி. கண்ணை அடுத்த வரிக்கு இறக்கிவிடுவேன். இப்படி நான்கு வருடம், ஓய்வு பெறும்வரை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள், அவள் பெயரைத் திருப்பிக் கொடுங்கள், அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். செபம் ஏதாவது சொல்லச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அடுத்த முறை கடல் தாண்டி அக்கரையிலிருந்த வேறொரு மாதா கோவிலுக்குப் போனேன். அங்கே காது மந்தமான சாமியார் ஒருவர் இருந்தார். ரீட்டாவுக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்று புரியவில்லை. அவளிடமும் நான் சொல்லவில்லை.

சங்கீதாவை மறுநாள் நானே அழைத்தேன்.

"ஓனர் பேர மொதல்ல மாத்துமா. அருளப்பன்னு போடு. அப்புறம் அழி."

"எதுக்கு அங்கிள்? அழிக்கத்தானே போறோம்? அஞ்சு நிமிஷ வேலை."

"போட்டுட்டு அழி."

"உங்க சர்வரா அங்கிள்?"

"ஆமா" என்றேன். ஆரம்பித்தபின் நிறுத்தமுடியவில்லை. தைப்பூசம், கதவு, கண்ணாடி அறை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேகமாகப் பேசும் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "சரி, மாத்திட்டேன்" என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை. பிறகு திரையைப் படமெடுத்து அனுப்பினாள். உரிமையாளர் கட்டத்தில் என் பெயர். பக்கத்தில், அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். அழித்த சர்வர் உடனே மறைந்துவிடாது. ஒரு மணி நேரம்போலப் பட்டியலில் இருந்துவிட்டு, பிறகு அதுவாகவே காணாமல் போகும்.

காரை எடுத்துக்கொண்டு கடல்மேல் போட்ட இரண்டாம் பாலத்தைத் தாண்டி அக்கரையில் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். தேவகியின் வீடு எங்கே என்று எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். இரண்டு முறை அந்தத் தெரு வரை போய்க் காரைத் திருப்பியிருக்கிறேன். பக்கத்தில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறாள். பூதக்கண்ணாடியின் கீழ் மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைத்த ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதுவும் கேள்விப்பட்டதுதான்.

வாசல் கம்பியில் தொழிற்சாலையின் வெளிர்நீல மேலங்கி தொங்கியது. கதவைத் திறந்தவளுக்கு முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "வாங்கண்ணே, உட்காருங்க" என்றாள். ஒரு குவளை பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சங்கீதாவிடம் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"ஒன் பேர எடுத்துட்டேன்மா. எம்பேர போட்டுட்டேன்."

படத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பழைய கண் அப்படியேதான் இருந்தது.

"அழிச்சாச்சா அண்ணே?"

"அழிச்சாச்சு."

"அப்ப ஒரு மணி நேரம் இருந்திருக்குமா ஒங்க பேரு?"

"இருக்கும்."

"எம்பேரு ஏழு வருஷம் இருந்துச்சுல்ல."

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"இத யார்கிட்டல்லாம் சொல்லிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சாமியார்கிட்ட. நேத்து வரைக்கும் அவ்ளோதான். இன்னைக்குக் காலைல சங்கீதாகிட்ட. இப்ப ஒன்கிட்ட."

அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கவேண்டாம் என்று இருந்தது.

"எங்கிட்ட எதுக்கண்ணே சொல்றீங்க? அது நீங்க எழுப்புனதுன்னு பந்தல்ல மோர் குடிச்சப்பவே எனக்குத் தெரியுமே. தெரிஞ்ச ஆளு ஒலகத்துல நான் ஒருத்திதான். எங்கிட்ட வந்து சொல்றீங்க." குரல் உயரவே இல்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் நான் ஏதோ தப்பு பண்ணிட்டுத்தான் வந்தேன்னு நெனச்சாங்க. மூனு எடத்துல இன்டர்வியூல நல்லா பேசிட்டு, பழைய ஆபீஸுக்குப் போன் போட்டுட்டு, அப்புறம் கூப்பிடவே இல்ல. அவங்களுக்கெல்லாம் தெரியாது. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க லா அண்ணே."

எழுந்து மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மதிய ஷிஃப்ட். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "பஸ் வரும்" என்று சொல்லிவிட்டுக் கம்பிக்கதவைப் பூட்டினாள். முச்சந்தி வரைக்கும் அவள் நடந்துபோவதைக் காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்தில் கடிதமாக எழுதிக் கோலாலம்பூருக்கும் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. தட்டச்சு செய்து முடித்ததும் முதலில் ரீட்டாவைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மிஸ்டர் தியோ நடைவழியில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த சர்வர் என்னுடையது. தாளை வாசிக்காமல் எழுப்பியவன் நான், கதவைத் திறந்து போட்டவன் நான். தேவகி அன்று பால்குடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு எனக்காக வந்தாள். அந்தக் கண்ணாடி அறையில் எனக்கு எல்லாமே நன்றாக நினைவிருந்தது.